முழுகாத மாதங்கள்

கொல்லிமலையில் நாங்கள் வாழ்ந்த ஊர்களில் ஒரு பெண்ணின் மாதவிலக்கை அவள் மட்டும் வைத்துக்கொள்ள முடியாது. ஊருக்கு வெளியே ஓடைக்கு இந்தப் பக்கமாகப் புல் வேய்ந்த ஒரு சின்னக் குடிசை இருந்தது. தூரமான பெண்கள் அங்கே போய்த் தங்கி, நாள் கழிந்ததும் ஓடையில் தலை முழுகிவிட்டு வீட்டுக்கு வரவேண்டும். அந்தக் குடிசையைத் தாண்டித்தான் எல்லோரும் காட்டுக்குப் போவார்கள். யார் உள்ளே இருக்கிறாள், யார் இந்த மாதம் வரவில்லை என்பது ஆடு மேய்க்கிறவர்களுக்குக்கூடத் தெரியும். தலை முழுகப் போகாத பெண்ணை ‘முழுகாமல் இருக்கிறாள்’ என்பார்கள். கர்ப்பம் என்று அதற்கு அர்த்தம். வேறு அர்த்தம் அதற்கு உண்டு என்று அந்தக் காலத்தில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. எனக்குத் தோன்றவும் இல்லை.

மலையில் பல ஊர்கள் சேர்ந்ததை நாடு என்போம்; ஆலத்தூர் நாட்டில் ஒரு சிற்றூருக்கு என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். கணவர், மாமியார், நாத்தனார், நான் என்று வீட்டில் நான்கு பேர். மாமனார் என் கல்யாணத்துக்கு முன்பே காய்ச்சலில் போய்விட்டார். நாத்தனார் அப்போது சின்னப்பெண். பாவாடையை இடுப்பில் சொருகிக்கொண்டு பலாமரத்தில் ஏறுகிற வயது. வந்த முதல் நாளே என் கையைப் பிடித்துக்கொண்டு போய் ஊற்று எங்கே, விறகு எங்கே, எந்த வீட்டு நாய் கடிக்கும் என்றெல்லாம் காட்டியவள் அவள்தான்.

கீழே உலகம் முழுக்கச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம் அது. கண்ட்ரோல் என்ற வார்த்தையை அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டேன். துணி கண்ட்ரோல், மண்ணெண்ணெய் கண்ட்ரோல், அரிசி கண்ட்ரோல் என்று எல்லாவற்றுக்கும் அளவு. மலையில் எங்களுக்கு அரிசி பெரிதில்லை. சாமையும் ராகியும் இருந்தால் போதும். ஆனால் அடுத்தடுத்து இரண்டு வருஷம் மழை பொய்த்தது. சாமை முழங்கால் உயரம்கூட வரவில்லை. வந்ததையும் பன்றி தின்றது. காட்டில் கிழங்கு தோண்டினோம். கீரையை உப்பில்லாமல் வேகவைத்தோம். பலாக்கொட்டையைக் காயவைத்து இடித்துக் களி கிண்டினோம்.

வாரத்தில் ஒருநாள் நானும் ஊர்ப் பெண்களும் வாழைத்தாரையும் விறகுக்கட்டையும் தலையில் வைத்துக்கொண்டு முள்ளுக்குறிச்சிக்கு இறங்குவோம். கருக்கலில் கிளம்பினால் வெயில் ஏறுமுன் அடிவாரம். விற்றுவிட்டுக் கிடைத்த தானியத்தைச் சுமந்துகொண்டு திரும்ப ஏறவேண்டும். இறங்கும்போது முழங்கால் நடுங்கும், ஏறும்போது நெஞ்சு அடைக்கும். போகிற வழியில் தின்பதற்கு ஒன்றும் கொண்டுபோகமாட்டேன். விற்கிற வாழையிலிருந்து ஒரு பழத்தைப் பிய்த்தால் அது வீட்டிலிருந்து திருடியது போல.

வீட்டில் யாரும் எனக்குச் சோறில்லை என்று சொல்லவில்லை. முதலில் ஆண், பிறகு பிள்ளை, பிறகு பெரியவள், கடைசியில் மருமகள் என்று ஒரு முறை இருந்தது. எல்லா வீட்டிலும் அதே முறைதான். விளைச்சல் இருக்கிற வருஷத்தில் கடைசியில் சாப்பிடுகிறவளுக்கும் வயிறு நிறையும். அந்த வருஷங்களில் பானையைச் சுரண்டிய சத்தம்தான் என் பங்கு. நீராகாரத்தைக் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, சாப்பிட்டவள் மாதிரி எழுந்திருப்பேன். சாப்பிடவில்லை என்று சொல்வதற்கு வெட்கமாக இருந்தது. வந்த வீட்டின் வறுமையைச் சொல்லிக்காட்டுகிற மாதிரி ஆகிவிடும் என்று நினைத்தேன்.

உடம்பு வற்றியது. உலக்கை பிடிக்கும்போது கண்ணாடி வளையல்கள் முழங்கை வரைக்கும் ஓடின. ஓடையில் மற்றப் பெண்களோடு குளிக்க எனக்குக் கூச்சம். கல்யாணத்தின்போது இருந்த மார்பு இல்லை. முதுகெலும்பைத் தடவினால் சோளக்கதிரைத் தடவுவது போல இருந்தது. எல்லோரும் கரையேறின பிறகு தனியாக இறங்கி, சேலையை அவிழ்க்காமலே நனைத்துக்கொண்டு வந்துவிடுவேன். ஒருமுறை என் கணவரின் கை என் விலாவில் பட்டு, சட்டென்று நின்றது.

“சாப்புடறியா நீ?” என்று கேட்டார்.

“சாப்புடறேங்க.”

அவர் கையை எடுத்துக்கொண்டார். என் உடம்பைப் பார்த்துப் பயந்துவிட்டார் என்று எனக்குப் பட்டது. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் தூரம் நின்றது. முதலில் இரண்டு நாள் வந்து போயிற்று. பிறகு ஒரு நாள், அதுவும் பெயருக்கு. அப்புறம் ஒன்றுமே இல்லை. குடிசைக்குப் போகாத முதல் மாதம் நான் அதைக் கவனிக்கக்கூட இல்லை. அந்தக் குடிசையில் உட்கார்ந்திருக்கும்போதாவது சுமை தூக்காமல் இருக்கலாமே என்று ஒரு நாள் நினைத்தபோதுதான் நினைவு வந்தது. எனக்கு முன்னாலேயே ஊர் கணக்குப் போட்டுவிட்டது.

ஒரு காலையில் மாமியார் ராகி புடைத்துக்கொண்டிருந்தார். நான் முள்ளுக்குறிச்சிக்குப் போகச் சும்மாடு சுற்றிக்கொண்டிருந்தேன். முறத்தைக் கீழே வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“ஏங்கண்ணு, முழுகாம இருக்கியா?”

நான் முழுகாமல்தான் இருந்தேன். மூன்றாவது மாதம் ஓடிக்கொண்டிருந்தது.

“ஆமாங்க அத்தை,” என்றேன்.

அவ்வளவுதான் நான் சொன்னது. மாமியார் எழுந்து வந்து என் தலையிலிருந்த சும்மாட்டை எடுத்துத் தூரப்போட்டார். இரண்டு கையாலும் என் முகத்தைப் பிடித்து, “எட்டுக்கை அம்மா கண்ணைத் தொறந்துட்டா” என்றார். அவர் கண்ணில் தண்ணீர். அந்த வீட்டில் ஒரு சந்தோஷம் நுழைந்து எத்தனையோ நாளாகிவிட்டது. நாத்தனார் எங்கிருந்தோ ஓடிவந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

“அண்ணி, நீங்க இனிமே எறங்க வேண்டாமுங்க. நான் போயிட்டு வாரேன்,” என்றாள்.

அன்றைக்கு என் சும்மாட்டை அவள் தலையில் வைத்துக்கொண்டு, என் வாழைத்தாரை எடுத்துக்கொண்டு, பெரிய பெண்களோடு அவள் இறங்கினாள். அதன்பிறகு ஒவ்வொரு வாரமும் அவள்தான் போனாள்.

எனக்குச் சாப்பாடு வந்தது. பானையில் கை வைக்கும் முறை மாறிற்று. கணவருக்கு அடுத்தது நான். கெட்டியான களி உருண்டை. அதன்மேல் கீரைக் குழம்பு. மாமியார் யார் யாரிடமோ கேட்டு வெண்ணெய் வாங்கிவந்தார். அடைக்கு வைத்திருந்த முட்டைகளை எடுத்து அவித்துக் கொடுத்தார். காட்டுக்குப் போன கணவர் தேனடையை இலையில் பொதிந்து கொண்டுவந்து, நேராக என்னிடம் தராமல் அடுப்புப் பக்கத்தில் வைத்துவிட்டு வெளியே போனார். வீட்டில் தானியம் கூடியிருக்கவில்லை. எனக்கு வைத்த உருண்டை வேறு யாருடைய உருண்டையிலிருந்தோதான் வரவேண்டும். மாமியார் தன் பங்கைக் குறைத்தார் என்று எனக்குத் தெரியும். அவர் குறைக்க இருந்தது கொஞ்சம்தான். மிச்சத்துக்கு நாத்தனாரின் தட்டு இருந்தது.

இதை எழுதும்போது கை கூசுகிறது. எனக்கு அது தெரியாது என்று எழுதிவிடலாம். ஆனால் நான் பார்த்தேன். அவள் தட்டிலிருந்த களியில் பாதியைக் கிள்ளி என் தட்டில் வைத்து, “பாப்பாவுக்கு” என்பாள். வேண்டாம் கண்ணு என்று நான் வாயால் சொல்வேன். சொல்லிமுடிக்குமுன் கை அதை எடுத்திருக்கும். நான் பசித்த பசி அப்படி. முதல் சில நாட்கள் சாப்பிட்டது வயிற்றில் நிற்கவில்லை, பிறகு நின்றது. பிறகு வெறி பிடித்தது. அடுத்த வேளை எப்போது என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பில்லை. எல்லோருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்து தின்றேன்.

ஊர்ப் பெண்கள் வந்து விசாரிப்பார்கள்.

“வாந்தி இல்லையா?”

“இல்லீங்க.”

“மாங்காய், புளின்னு ஆசை?”

“எல்லாமே சாப்புடறேங்க.”

அவர்கள் சிரிப்பார்கள். சில பேருக்கு மசக்கையே இருக்காது, கொடுத்துவைத்தவள் என்று ஒருத்தி சொன்னாள். ஆண்பிள்ளைதான் என்று இன்னொருத்தி சொன்னாள். எனக்குள் ஒரு பிள்ளை இருக்கிறது என்று நான் நம்பினேன். நம்பாமல் எப்படி அந்தச் சாப்பாட்டைச் சாப்பிடுவது? ஆனால் தனியாக இருக்கும்போது வயிற்றில் கையை வைத்துப் பார்ப்பேன். ஒரு அசைவும் இருக்காது. வயிறு கொஞ்சம் உருண்டிருந்தது. கன்னம் பூரித்திருந்தது. வளையல்கள் மணிக்கட்டிலேயே நின்றன. குளிக்கும்போது மார்பில் கை பட்டால் வலித்தது. எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வளைகாப்புப் பேச்சு தொடங்கிற்று. என் அம்மா இரண்டு மலை தாண்டி வந்து பார்த்துவிட்டு, கட்டுச்சோறு கொண்டுவர நாள் கேட்டுவிட்டுப் போனாள். போகும்போது நாத்தனாரைப் பார்த்து, “ஏன்டி சாமி இப்படி எளச்சுக் கெடக்கறே?” என்று கேட்டாள். நாத்தனார் பெருமையாக, “நான் இப்பச் சொமை தூக்கறேனுங்க” என்றாள்.

அம்மா போய்ச் சில நாள் இருக்கும். வாசலில் உட்கார்ந்து சாமையில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். நாத்தனார் எதிரே உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் எடுக்க எழுந்து இரண்டடி வைத்திருப்பேன். பின்னாலிருந்து அவள் கத்தினாள்.

“அம்மா! அண்ணிக்கு ரத்தம்!”

நான் குனிந்து பார்த்தேன். சேலையின் பின்புறம் நனைந்திருந்தது. கணுக்காலில் ஒரு கோடு இறங்கியிருந்தது. எனக்கு அந்த வலி தெரிந்த வலி. இடுப்பில், அடிவயிற்றில், முன்பு மாதாமாதம் வந்த அதே வலி. அந்தக் கணத்திலேயே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்றுதான் சொல்லவேண்டும். ஆனால் நாத்தனார் அலறிக்கொண்டிருந்தாள். மாமியார் ஓடிவந்தார். பக்கத்து வீட்டுப் பெண்கள் ஓடிவந்தார்கள். என்னைத் தூக்கிக்கொண்டு போய் உள்ளே படுக்கவைத்தார்கள். பக்கத்து ஊரிலிருந்து மருத்துவச்சியைக் கூட்டிவரக் கணவர் ஓடினார்.

மருத்துவச்சி வந்து எல்லோரையும் வெளியே போகச் சொன்னாள். வயிற்றை அமுக்கினாள். துணியைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. எழுந்து வெளியே போய் மாமியாரைத் தனியாக வீட்டின் பின்பக்கம் அழைத்துக்கொண்டு போனாள். தட்டிச் சுவர்தான். பேசியதெல்லாம் எனக்குக் கேட்டது.

“இது தூரமுங்க. கரு ஒண்ணும் கலையலை. உள்ள ஒண்ணும் தங்கவே இல்லை.”

“நல்லாப் பாத்தியா?” என்றார் மாமியார்.

“நல்லாப் பார்த்துட்டுத்தான் சொல்றேனுங்க,” என்றாள் மருத்துவச்சி.

“கலைஞ்சு போச்சுன்னு சொல்லிரு,” என்றார் மாமியார்.

“எதுக்குங்க?”

“ஊரே பட்டினி கெடக்குது. சோத்துக்காகப் பொய் சொன்னான்னு அவளைச் சிரிப்பாங்க. நாளைக்கு ஊத்துல தண்ணி மோந்துக்கிட்டு வர முடியாது அவளால. கலைஞ்சதுன்னே இருக்கட்டும்.”

சோற்றுக்காகப் பொய் சொன்னவள். தட்டிச் சுவருக்கு இந்தப் பக்கம் படுத்துக்கொண்டு அதைக் கேட்டேன். ரத்தம் போய்க்கொண்டிருந்தது. நான் பொய் சொல்லவில்லையே என்று எழுந்து போய்ச் சொல்லத் தோன்றிற்று. எதைச் சொல்வது? சாப்பிட்டது நான்தானே.

மருத்துவச்சி வாசலுக்கு வந்து மாமியார் சொன்னபடியே சொன்னாள். பெண்கள் தலையில் கைவைத்துக்கொண்டார்கள். என் கணவர் வேலியோரம் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். நாத்தனார் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் கையைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். “அழுவாதீங்க அண்ணி” என்று அவள் அழுதாள். நான் அழவில்லை. அழாமலிருந்ததையும் ஊர் துக்கம் என்றே எடுத்துக்கொண்டது. பிறக்காத பிள்ளைக்காகக் கஞ்சி கொண்டுவந்தார்கள். பசியில் கிடந்த வீடுகளிலிருந்து வந்த கஞ்சி அது. அதையும் குடித்தேன்.

இரண்டு வாரம் கழித்து நானும் மாமியாரும் ஊற்றில் துணி அலசிக்கொண்டிருந்தோம். பக்கத்தில் யாருமில்லை. அவர் என்னைப் பார்க்காமல் பேசினார்.

“மழை இல்லாத ஒரு வருசம் எனக்கும் நின்னு போச்சு. அப்ப எனக்குச் சோறு போட ஆளில்லை. சும்மாவே குடிசைக்குப் போயிட்டு வந்தேன், அதனால யாருக்கும் ஒண்ணும் தெரியலை.”

நான் துணியை முறுக்கிக்கொண்டே இருந்தேன்.

“தெரிஞ்சவ நான். வெறும் எலும்பா நின்னே நீ. சாப்புட்டியான்னு கேட்டிருக்கணும். முழுகாம இருக்கியான்னு கேட்டுட்டேன். ஆசைதான்.”

“நானும் ஆமான்னு சொல்லிட்டேனுங்க.”

“சரி, உடு.”

அதற்குப்பிறகு அவர் சாகும்வரை அந்தப் பேச்சை எடுக்கவில்லை. கணவருக்கு அவர் சொன்னாரா என்று தெரியாது. நான் சொல்லவில்லை.

அந்த வருஷம் மழை பெய்தது. ராகி பரவாயில்லாமல் வந்தது. தின்ற சோறு என் உடம்பில் தங்கிவிட்டது. மாதாமாதம் தவறாமல் குடிசைக்குப் போய்வந்தேன். பிறகு ஒரு மாதம் போகவில்லை. இந்த முறை வாந்தி வந்தது. மாங்காய்க்கு ஆசை வந்தது. ஐந்தாம் மாதத்தில் வயிற்றுக்குள்ளிருந்து உதை வந்தது. போன பிள்ளையே திரும்பி வந்திருக்கிறது என்று ஊரில் சொன்னார்கள். பெண்பிள்ளை பிறந்தது.

நாத்தனாரின் கதைதான் வேறு மாதிரி போயிற்று. அவளோடு பலாமரம் ஏறிய பெண்களெல்லாம் ஒவ்வொருத்தியாக வயதுக்கு வந்தார்கள். ஒருத்திக்குக் கல்யாணமும் ஆயிற்று. இவள் மட்டும் பலகை மாதிரி நின்றாள். விளைச்சல் வந்த பிறகும் சுமையை அவள் விடவில்லை, எனக்குக் கைக்குழந்தை. முள்ளுக்குறிச்சிக்கு இறங்குவதும் ஏறுவதுமாக அவள் கால்கள் மட்டும் உரமேறின. மாமியாரின் அண்ணன் மகனுக்கு அவள் என்று சிறுவயதிலேயே பேச்சு. அவர்கள் ஒரு வருஷம் பார்த்தார்கள், இன்னொரு வருஷமும் பார்த்தார்கள். வயதுக்கே வராமல் நின்றுவிடுகிற பெண்ணை எங்கள் பக்கம் இருசி என்பார்கள். அந்த வார்த்தையை அவள் காதுபட யாரும் சொல்லவில்லை என்றுதான் நினைத்தேன். ஒருநாள் என் மகளைத் தாலாட்டிக்கொண்டே சாதாரணமாகக் கேட்டாள்.

“ஏனுங்க அண்ணி, இருசிக்கு மார்ல பாலே வராதுங்களா?”

நான் அடுப்பை ஊதுகிற சாக்கில் குனிந்துகொண்டேன்.

மாமன் மகனுக்கு வேறு நாட்டில் பெண் எடுத்தார்கள். அந்தக் கல்யாணத்துக்கு நாங்கள் போனோம். அவளும் வந்தாள். பந்தியில் தண்ணீர் மொண்டு ஊற்றினாள்.

அதற்கு அடுத்த வருஷம், எல்லோரும் கைவிட்ட பிறகு, அவள் வயதுக்கு வந்தாள். தாய்மாமன்தான் பச்சை ஓலைக் குடிசை கட்டவேண்டும். தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்து அவர் கட்டிக்கொடுத்தார். தலைக்குத் தண்ணீர் ஊற்றுவது அண்ணியான என் முறை. அவளை மணையில் உட்காரவைத்து மஞ்சள் பூசினேன். தோள்பட்டை எலும்பு என் உள்ளங்கையில் இடித்தது. நல்ல உயரமான பெண். அவள் உடம்பு அந்த உயரத்துக்கு இன்னும் வந்துசேரவில்லை. மற்றப் பெண்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டு, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

“அண்ணி, அந்தப் பாப்பா இருந்திருந்தா இன்னைக்கு ஓடியாடிக்கிட்டு இருக்குமுங்க, இல்ல?”

“ம்.”

“நான் அதுக்கு ஒரு பேரு வெச்சிருந்தேன். யார்கிட்டயும் சொல்லலை.”

நான் அடுத்த குடத்தை எடுத்து அவள் தலையில் ஊற்றினேன். என்ன பெயர் என்று கேட்கவில்லை.

அவளைச் சோளக்காடு என்ற ஊரில் மனைவியை இழந்த ஒருவருக்குக் கொடுத்தார்கள். அவளைவிட மிகவும் மூத்தவர், ஆனால் நல்ல மனிதர். மிளகுக்கொடி போட்டார்; அவள்மேல் ஒருநாளும் கை ஓங்கியதில்லை. இரண்டு பையன்கள் பிறந்தார்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு திருவிழாவுக்கு வருவாள். என் மகளைத் தன் மடியைவிட்டு இறக்கமாட்டாள். நான் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டதும் அந்த வருஷங்களில்தான். என் பிள்ளைகளும் அவள் பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போனபிறகு, அவர்களோடு உட்கார்ந்து.

பல வருஷங்கள் கழித்து என் மகள் தன் பெண்ணைக் கூட்டிக்கொண்டு என்னிடம் ஓடிவந்தாள். பேத்தி ஹாஸ்டலில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள், ஓட்டப்பந்தயத்தில் ஓடுகிறவள். நான்கு மாதமாக அவளுக்கு விலக்காகவில்லை. மகள் என்ன பயந்தாள் என்று சொல்லவேண்டியதில்லை. ராசிபுரத்தில் ஒரு டாக்டரம்மாவிடம் மூன்று பேரும் பஸ் ஏறிப் போனோம். அவர் பேத்தியைத் தராசில் ஏற்றி எடை பார்த்தார். என்ன சாப்பிடுகிறாய், எவ்வளவு தூரம் ஓடுகிறாய் என்று கேட்டார். பிறகு எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

“பயப்படாதீங்க. உடம்புல கொழுப்பு ரொம்பக் குறைஞ்சுட்டா, பிள்ளை சுமக்க இவளால ஆகாதுன்னு மூளைக்குத் தெரிஞ்சுரும். அது அனுப்புற ஹார்மோன் நின்னுபோகும். சூலகமும் சும்மா இருந்துரும். நல்லாச் சாப்பிடச் சொல்லுங்க. ஓட்டத்தைக் கொஞ்சம் குறைக்கட்டும். எடை ஏறினா தானா வரும்.”

“சின்னப் பிள்ளைங்களுக்குமா? வயசுக்கு வராத பிள்ளைங்க?” என்று கேட்டேன்.

“அவங்களுக்கும்தான். சாப்பாடு பத்தாம வேலையும் அதிகமா இருந்தா, வயசுக்கு வர்றது தள்ளிப்போகும்.”

மகள் என் கையைப் பிடித்து அழுத்தினாள், அவளுக்கு நிம்மதி. எனக்கு அந்த அறையில் உட்கார முடியவில்லை. டாக்டரம்மா எங்கள் வீட்டைப் பார்த்துவிட்டு வந்து சொன்ன மாதிரி இருந்தது. எனக்கு நின்றதும் திரும்பி வந்ததும் எதனால் என்று ஊற்றடியில் மாமியார் சொன்ன அன்றே தெரியும். நாத்தனாருக்கு அது ஏன் அத்தனை வருஷம் வரவில்லை என்பதை நான் நேருக்கு நேர் யோசித்ததே இல்லை. ஒரே பானை. அதிலிருந்து எனக்கு வந்தது அவளுக்குப் போகவேண்டியது. அவளுக்கு வந்தது என் சுமை.

அந்த வாரமே அவளைப் பார்க்கப் போனேன். சொல்லிவிட்டால் நெஞ்சு லேசாகும் என்று நினைத்தேன். என் நெஞ்சைப் பற்றித்தான் நினைத்தேன். அவள் முற்றத்தில் பாய் விரித்து மிளகு காயவைத்துக்கொண்டிருந்தாள். தலை நரைத்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து நானும் காம்பு பொறுக்கிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டரம்மா சொன்னது, மருத்துவச்சி சொன்னது, அவள் அம்மா கலைந்தது என்று சொல்லச் சொன்னது. பாப்பா என்று ஒன்று இல்லவே இல்லை என்றேன். உன் சோற்றைத் தின்று என் உடம்புதான் தேறியது. உனக்கு வரவேண்டிய கல்யாணம் அதனால்தான் போயிற்று என்றேன்.

அவள் மிளகைத் துழாவிக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள்.

“பாப்பா இல்லையா?”

“இல்லை கண்ணு.”

“ஒண்ணுமே இல்லையா?”

நான் தலையை ஆட்டினேன். மாமன் மகனைப் பற்றிக் கேட்பாள், திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

“சோத்தை எடுத்துக்கிட்டீங்க. சரி. அதை நான் குடுத்தேன், நீங்க எடுத்துக்கிட்டீங்க. அவிங்க எல்லாரும் என்னை இருசின்னு சொன்னப்ப, நான் ஒரு பாப்பாவுக்குச் சோறு போட்டவன்னு நெனச்சுக்குவேன். என் பசங்க பொறக்கறதுக்கு முந்தி எனக்கு அது ஒண்ணுதான் இருந்துச்சு.” அவள் குரல் ஏறவே இல்லை. “இப்ப அதையும் எடுத்துக்கிட்டீங்களே அண்ணி.”

எழுந்து உள்ளே போய்விட்டாள். நான் கொஞ்சநேரம் அந்தப் பாயருகே உட்கார்ந்திருந்தேன். அவள் திரும்பி வரவில்லை. சொல்லிக்கொள்ளாமலே நடந்து வந்து பஸ் ஏறினேன்.

அந்த வருஷத் திருவிழாவுக்கு அவள் வரவில்லை. பையன்களை அனுப்பினாள். அடுத்த வருஷமும் வரவில்லை. என் கணவர், “என்னடி நடந்துச்சு உங்க ரெண்டு பேருக்கும்?” என்று கேட்டுப் பார்த்தார். ஒன்றுமில்லை என்றேன். அவரிடம் சொல்லியிருக்கலாம். சொன்னதன் பலனை ஒருமுறை பார்த்தபிறகு வாய் வரவில்லை.

பிறகு ஒரு தை மாதம் எனக்கு விஷக்காய்ச்சல் வந்து படுத்துவிட்டேன். கண் திறந்தபோது அடுப்படியில் பாத்திரச் சத்தம் கேட்டது. மகள்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். எட்டிப் பார்த்தால் நாத்தனார். யார் சொல்லி வந்தாள் என்று தெரியாது. சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு ராகிக் கூழ் காய்ச்சிக்கொண்டிருந்தாள். அடுப்பு புகைகிறது, விறகு ஈரம், இந்த வீட்டில் உப்புச்சட்டி வைத்த இடத்தில் இருப்பதில்லை என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

கூழைக் கொண்டுவந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். முதுகுக்குக் கை கொடுத்து என்னை நிமிர்த்தினாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டு குடித்தேன். காய்ச்சல் விட்ட வயிற்றுப் பசி. பாதியில் நிறுத்தி, “நீ சாப்புட்டியா கண்ணு?” என்று கேட்டேன்.

“நான் ஊட்டுலயே சாப்புட்டுட்டுத்தானுங்க வந்தேன். நீங்க குடிங்க,” என்றாள்.

சோளக்காட்டிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருக்கிறாள், விடியுமுன் கிளம்பியிருப்பாள். எப்போது சாப்பிட்டிருக்க முடியும் என்று யோசித்துக்கொண்டே மிச்சத்தையும் குடித்துமுடித்தேன்.